‘எங்கள் இயந்திரம் தவறு செய்யாது’



சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் வீடு திரும்பியபோது, எங்கள் தெருவைச் சேர்ந்த மூதாட்டியார் ஒருவர் கையில் பாஸ்புக்கோடு திண்ணையில் அமர்ந்திருந்தார். கணவரை இழந்தவர். மாதந்தோறும் வரும் ஓய்வூதியமே அவருக்குத் துணை.

“தம்பி, நான் எடுக்காத பணத்த நான் எடுத்ததாப் போட்டிருக்கு. கொஞ்சம் பாருங்க” என்று புத்தகத்தை நீட்டினார்.

ஒரே நாளில் இரு முறை ஏ.டி.எம். வழியாகப் பணம் எடுக்கப்பட்டதாகப் பதிவாகியிருந்தது. அவரோ அந்த நாளில் வீட்டை விட்டு வெளியேறவே இல்லை. வங்கியில் போய்க் கேட்டிருக்கிறார். அங்கே கிடைத்த விடை இதுதான்: “அட்டையும் உங்களிடம், இரகசிய எண்ணும் உங்களிடம். இவ்விரண்டும் இல்லாமல் இயந்திரம் பணம் தராது. உங்கள் வீட்டில் யாரோதான் எடுத்திருக்க வேண்டும்.”

அவர் வீட்டில் உள்ள ‘யாரோ’ ஒருவர்தாம். பாலிடெக்னிக்கில் கணினி படிக்கும் பேரன். போன பணத்தைக் காட்டிலும், அன்று முதல் அந்தப் பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் அம்மூதாட்டியாரின் வேதனை. அவரை அனுப்பி வைத்த பின்னர், இதே விடையை எங்கோ படித்திருக்கிறோமே என்று என் மனம் தேடிற்று. நினைவு வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து வங்கிகள் தம் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வந்த விடை அது. அதை ஏற்க மறுத்து, வழக்குமன்றம் வரை சென்று வாதாடிய ஒரு பேராசிரியரைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். அவர் பெயர் ராஸ் ஆண்டர்சன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மறைகுறியீட்டியலையும் கணினிப் பாதுகாப்பையும் ஆராய்ந்தவர். 2024 மார்ச் 28 அன்று, தமது 67ஆம் வயதில் காலமானார்.

மறைகுறியீட்டியல் என்றதும் நம்மவர்கள் அதை முற்றிலும் அயலாருடைய கலையாக எண்ணிவிட வேண்டாம். ஆங்கிலத்தில் மறைகுறியீட்டைக் குறிக்கும் ‘சைபர்’ என்னும் சொல், சுழியைக் குறிக்கும் ‘ஸிஃப்ர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகமாக வருகிறது என்று எண்ணிப் பார்த்து மறைமொழியை உடைக்கும் வழியை, நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் முதன்முதலாக விளக்கியவர், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி. அவருடைய அந்தச் சுவடி பல நூற்றாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1980களில்தான் இஸ்தான்புல் சுலைமானிய்யா நூலகச் சேமிப்பிலிருந்து ஆய்வுலகின் பார்வைக்கு வந்தது. அது தனியே எழுத வேண்டிய கதை. பிறிதொரு மாதம் பார்ப்போம்.

ஆண்டர்சன் 1956இல் பிறந்தார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பள்ளிப்படிப்பு. பின்னர்க் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கணிதமும் இயற்கை அறிவியலும் பயின்று 1978இல் பட்டம் பெற்றார். உடனே ஆராய்ச்சியில் இறங்கிவிடவில்லை. விமான மின்னணுக் கருவிகள், வங்கிக் கணினிகள் என்று வெளியுலகில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1992இல், முப்பத்தாறு வயதை நெருங்கும் நிலையில், மீண்டும் மாணவராகக் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார். ‘இருபத்தைந்து வயதுக்குள் முனைவர் பட்டம் வாங்காவிட்டால் எல்லாம் போயிற்று’ என்று பிள்ளைகளை விரட்டும் பெற்றோர்கள் இதைக் கவனிப்பது நல்லது. வெளியே கழித்த அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. வங்கிகளின் உள்ளறைகளில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அறிந்த ஓர் ஆய்வு மாணவரைப் பல்கலைக்கழகம் பெற்றது.

அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் ராஜர் நீடம். கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல், திரும்ப மீட்டெடுக்க இயலாதவாறு உருமாற்றிச் சேமிக்கும் முறையை 1960களில் உருவாக்கிய அறிஞர். இன்று நாம் நுழையும் கணினிக் கணக்குகள் பலவற்றின் அடியிலும் அந்த எண்ணம் இருக்கிறது. ஆண்டர்சன் 1995இல் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் விரிவுரையாளரானார். 2003இல் பாதுகாப்புப் பொறியியல் பேராசிரியரானார். 2009இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

அவருடைய பெயரை உலகறியச் செய்த கட்டுரை, அவர் மாணவராக இருந்த காலத்திலேயே, 1993இல் வெளிவந்தது. ‘மறைகுறியீட்டு அமைப்புகள் ஏன் தோற்கின்றன?’ என்பது அதன் தலைப்பு. அந்நாளில் இங்கிலாந்தில், தாங்கள் எடுக்காத பணம் தங்கள் கணக்கிலிருந்து போயிற்று என்று பலர் முறையிட்டுக்கொண்டிருந்தனர். அதற்கு ‘பேய் எடுப்பு’ என்று கூடப் பெயர் சூட்டினார்கள். வங்கிகளோ, எங்கள் மறைகுறியீடு உடைக்க முடியாதது, ஆகவே பொய் சொல்வது நீங்களே என்றன.

ஆண்டர்சன் என்ன செய்தார்? மறைகுறியீட்டை உடைக்க முற்படவில்லை. பணம் போன நிகழ்வுகளை ஒவ்வொன்றாகத் திரட்டி, திருடர்கள் உண்மையில் எவ்வாறு திருடினார்கள் என்று பார்த்தார். ஒரு விமானம் விழுந்தால் காரணத்தை ஆராய்ந்து உலகுக்கு அறிவிக்கிறார்கள். ஆகவே அடுத்த விமானம் பிழைக்கிறது. வங்கிக் கணினியில் பிழை நேர்ந்தால் மூடி மறைக்கிறார்கள். ஆகவே அதே பிழை மீண்டும் மீண்டும் நேர்கிறது. இதுவே அவர் கண்ட குறை.

அவர் திரட்டிய செய்திகளைப் படித்தால் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது. ஒரு வங்கியில் கணக்கு எண் முழுவதையும் பணச்சீட்டில் அச்சிட்டுத் தந்தார்கள். திருடன் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவர் அழுத்தும் நான்கு இலக்கங்களைக் கண்ணால் பார்த்துக்கொள்வான். அவர் எறிந்துவிட்டுப் போன சீட்டைப் பொறுக்கி, அந்தக் கணக்கு எண்ணைப் பதித்து ஒரு போலி அட்டை செய்துகொள்வான். தீர்ந்தது வேலை! வேறொரு வங்கி, இரகசிய எண்ணை மறைகுறியாக்கி அட்டையின் காந்தப் பட்டையிலேயே எழுதியது. ஆனால் அதைக் கணக்கு எண்ணோடு பிணைக்க மறந்தது. திருடன் தன் அட்டையில் பிறருடைய கணக்கு எண்ணை எழுதிக்கொண்டு, தன்னுடைய சொந்த இரகசிய எண்ணையே அழுத்திப் பிறர் பணத்தை எடுத்தான். ஒரு சிறிய நிறுவனத்திலோ, நிரல் எழுதியவரின் பிழையால் வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரே இரகசிய எண் வழங்கப்பட்டிருந்தது.

இவற்றையெல்லாம் விஞ்சிய ஒன்று உண்டு. ஒருவகைப் பணப்பொறியில், பதினான்கு இலக்கங்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் பத்து நோட்டுகள் வெளியே வரும். பொறியைச் சோதிப்பதற்காக வைத்த ஏற்பாடு. ஒரு வங்கி அந்தப் பதினான்கு இலக்கங்களைத் தன் கிளைகளுக்கான கையேட்டில் அச்சிட்டே விட்டது! மூன்றாண்டுகள் கழித்துத் திடீரெனப் பணம் பறிபோகத் தொடங்கிற்று. அந்தப் பொறியைப் பயன்படுத்திய வங்கிகள் எல்லாம் மென்பொருளைத் திருத்தி, அந்த ஏற்பாட்டை நீக்கிய பின்னரே அது ஓய்ந்தது.

கணிதம் கற்றுத் தேர்ந்த பகைவன் ஒருவன் இரவெல்லாம் விழித்திருந்து மறைமொழியை உடைப்பான் என்று வங்கிகள் காத்திருந்தன. வந்தவர்களோ, சீட்டுப் பொறுக்கியவனும் அலுவலகக் கையேட்டைப் படித்தவனும்தாம். முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த வீட்டை நாம் பார்த்ததில்லையா?

இந்த ஆராய்ச்சி ஏட்டோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 1992இல் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தைச் சேர்ந்த காவலர் ஒருவர், விடுமுறைப் பயணத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது தம் கணக்கில் 460 பவுன் குறைந்திருக்கக் கண்டு, தாம் கணக்கு வைத்திருந்த நிறுவனத்திடம் முறையிட்டார். எங்கள் அமைப்பில் பிழை நேராது என்றது அந்நிறுவனம். அத்தோடு விடவில்லை. பொய்ப் புகார் கொடுத்து மோசடி செய்ய முயன்றார் என்று அவர்மீதே வழக்கு நடந்து, 1994இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பும் ஆயிற்று! பணத்தைப் பறிகொடுத்தவர் மோசடிக்காரர் என்ற பெயரையும் சுமந்தார். ஊரைக் காக்கும் காவலருக்கு அது எத்தகைய தலைகுனிவு என்பதை நாம் ஊகிக்கலாம்.

ஆண்டர்சன் அவருக்காக வல்லுநர் சாட்சியாக நின்றார். மேல்முறையீட்டில் அவர் கேட்டது மிக எளிய ஒன்று. ‘உங்கள் கணினி பிழையற்றது என்கிறீர்கள், அதை நாங்கள் பார்வையிட அனுமதியுங்கள்.’ அந்நிறுவனம் மறுத்துவிட்டது. எதிர்த்தரப்பு ஆராய இயலாத கணினியின் சான்றை ஏற்க முடியாது என்று நீதிபதி அதனை விலக்கினார். 1996இல் காவலர் விடுதலையானார். ஆண்டர்சனுடைய கண்டுபிடிப்புகளில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், இந்த ஒரு கேள்வியையே சொல்வேன்.

ஏனைய நாடுகளில் நிலைமை எப்படி இருந்தது என்பதையும் அவர் நோக்கினார். அமெரிக்காவில், 1980இலேயே நியூயார்க்கில் ஒரு பெண்மணி தொடுத்த வழக்கில், இயந்திரம் தவறே செய்யாது என்று வங்கி சொல்வது வாடிக்கையாளர் மீது சுமக்க இயலாத பாரத்தைச் சுமத்துவதாகும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. வாடிக்கையாளர்தாம் எடுத்தார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அங்கே வங்கிக்குரியதாயிற்று. இங்கிலாந்திலோ அப்பொறுப்பு வாடிக்கையாளர் தலையில் இருந்தது. அப்படியானால் இங்கிலாந்து வங்கிகள் இலாபம் அடைந்திருக்க வேண்டுமல்லவா? இல்லை. இழப்பு தம்முடையது அல்ல என்ற நினைப்பில் அவை அசட்டையாக இருந்தன, மோசடி பெருகிற்று. காவல் காப்பவன் ஒருவன், களவு போனால் இழப்பவன் மற்றொருவன் என்றால், காவல் எங்ஙனம் உருப்படும்? 2001இல் இதனை ஒரு கட்டுரையாக வடித்தார். கணினிப் பாதுகாப்பு என்பது கணிதத்தோடு முடிவதன்று, பொருளாதாரமும் ஆகும் என்ற அந்தக் கருத்திலிருந்து ஒரு புதிய ஆய்வுத்துறையே பிறந்தது. அடுத்த ஆண்டே அதற்கென ஆண்டுதோறும் கூடும் ஓர் ஆய்வரங்கும் தொடங்கிற்று.

(இந்திய ரிசர்வ் வங்கி 2017 சூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாமவர் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்றும், பொறுப்பு வாடிக்கையாளருடையது என மெய்ப்பிக்க வேண்டியது வங்கியே என்றும் அது கூறிற்று. நம் தாய்மார்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?)

கணிதத் திறமை குறைந்தவர் என்பதால் அவர் இப்படிப் பேசினார் என்று எவரும் நினைக்க வேண்டாம். அமெரிக்க அரசு 1997இல் புதிய மறைகுறியீட்டுத் தரம் ஒன்றுக்கு உலகெங்கும் அழைப்பு விடுத்தபோது, இஸ்ரேலின் எலி பிஹாம், டென்மார்க்கின் லார்ஸ் நுட்சென் ஆகியோருடன் சேர்ந்து ‘சர்ப்பெண்ட்’ என்னும் முறையை ஆண்டர்சன் வடிவமைத்தார். பதினைந்து முறைகள் போட்டியிட்டன. ஐந்து இறுதிச் சுற்றுக்கு வந்தன. 2000இல் பெல்ஜியம் நாட்டவர் இருவரின் முறை வென்றது. சர்ப்பெண்ட் வாக்குகளில் இரண்டாம் இடம் பெற்றது. வேகத்தைக் காட்டிலும் உறுதியே பெரிது என்று கருதி, தரவை முப்பத்திரண்டு சுற்றுகள் கலக்கும்படி அமைத்திருந்தனர். பாதுகாப்பு மிகுதி, வேகம் குறைவு. தோற்றதற்கு அதுவே காரணம் எனலாம்.

தென்னாப்பிரிக்காவில் ஆற்றிய பணியையும் குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு மின்சாரம் கொண்டு செல்ல வேண்டும். ஆனால் பலருக்கு வங்கிக் கணக்கோ ஒழுங்கான முகவரியோ இல்லை. மாதக் கட்டணச் சீட்டை யாருக்கு அனுப்புவது? முன்பணம் கட்டும் மின்மானி அதற்கு விடையாயிற்று. கடையில் பணம் கொடுத்தால் இருபது இலக்க எண் ஒன்றைத் தருவார்கள். அதை வீட்டு மின்மானியில் அழுத்தினால் விளக்கு எரியும். அந்த எண் மறைகுறியாக்கப்பட்டது. ஒரு வீட்டுக்குரியதை அடுத்த வீட்டில் பயன்படுத்த இயலாது. அந்த ஏற்பாட்டின் பாதுகாப்பில் ஆண்டர்சனின் உழைப்பு கலந்திருந்தது. மறைமொழி என்றால் ஒற்றர்களுக்கும் போர்ப்படைகளுக்கும் உரியது என்று நினைப்போருக்கு, ஏழையின் குடிசையில் எரியும் விளக்கும் அதில் அடங்கும் என்று சொல்லுங்கள்.

நோயாளிகளின் குறிப்புகள் யார் கண்ணில் படலாம் என்பது பற்றி 1996இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்துக்கு அவர் விதிமுறை வகுத்துக் கொடுத்தார். பிணியாளி மருத்துவரிடம் ஒப்படைப்பது அமானிதம் அல்லவா? அதை அரசே கேட்டாலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதற்கில்லை என்பது அவர் நிலை.

இனி, அவர் வாழ்வின் மிகப் புகழ்பெற்ற மோதலுக்கு வருவோம். காந்தப் பட்டை அட்டைகள் போய், சில்லு பதித்த அட்டைகள் வந்தன. 2006 முதல் இங்கிலாந்துக் கடைகளில் இரகசிய எண் அழுத்துவது பொது வழக்காயிற்று. இனிமேல் ஏமாற்றவே முடியாது என்றன வங்கிகள். 2010இல் ஆண்டர்சனும் அவருடைய குழுவினர் மூவரும் அதில் ஓர் ஓட்டையைக் காட்டினர். திருடிய அட்டைக்கும் கடைப்பொறிக்கும் நடுவே ஒரு சிறு மின்னணுக் கருவியைப் பொருத்துகிறார்கள். அது பொறியிடம் ‘எண் சரியாக இருக்கிறது’ என்று சொல்லும். அட்டையோ, கையொப்பம் வாங்கிக்கொண்டு நடக்கும் வணிகம் இது என்று நினைத்துக்கொள்ளும். விளைவு, எந்த நான்கு இலக்கத்தை அழுத்தினாலும் பணம் செல்லும்! வங்கியின் ஏட்டில் ‘இரகசிய எண் சரிபார்க்கப்பட்டது’ என்றே பதிவாகும். அட்டையைப் பறிகொடுத்தவர், நான் எண்ணை எவரிடமும் சொல்லவில்லை என்று கதறினாலும் யார் நம்புவார்?

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆய்வுக்கூட வித்தை என்று சொன்னவர்களும் உண்டு. பிரான்சில் 2011இல் ஒரு கூட்டம் இதே வித்தையைச் சில்லுக்குள்ளேயே ஒட்டி வைத்து, 6 லட்சம் யூரோ அளவுக்குச் சுருட்டியது பின்னர் வெளிவந்தது.

இதனிடையே அவர் துறையின் முதுநிலை மாணவர் ஒருவர், அட்டைக்கும் பொறிக்கும் நடக்கும் உரையாடலைக் கண்காணிக்கும் கையடக்கக் கருவி ஒன்றைச் செய்து, அதனைத் தம் ஆய்வேட்டில் விளக்கியிருந்தார். 2010 டிசம்பரில், அட்டை வழங்கும் நிறுவனங்களின் சங்கம், அந்த ஆய்வேட்டைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து நீக்குமாறு பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிற்று. ஆண்டர்சன் விடையெழுதினார். எராஸ்மஸும் நியூட்டனும் டார்வினும் வாழ்ந்த பல்கலைக்கழகம் இது. சட்டத்துக்கு உட்பட்ட ஓர் எழுத்து, வலியவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை மறைப்பது எங்கள் அடிப்படைக் கொள்கைக்கே மாறானது என்பது அதன் சாரம். அத்தோடு நிற்கவில்லை. அந்த ஆய்வேட்டைத் துறையின் அதிகாரப்பூர்வ அறிக்கையாகவே வெளியிட அனுமதித்துவிட்டதாகவும், அதனால் பிறர் அதை மேற்கோள் காட்டுவது எளிதாகும் என்றும் சேர்த்து எழுதினார்! ஒரு மாணவனுக்காகப் பேராசிரியர் இவ்வாறு முன்னே வந்து நிற்பதை நாம் எத்தனை கல்லூரிகளில் காண்கிறோம்?

அரசுகளோடும் அவர் ஒத்துப்போனவர் அல்லர். குடிமக்களின் மறைகுறியீடுகளுக்கு அரசு ஒரு மாற்றுச் சாவி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை எழுந்த போதெல்லாம், 1997இலும் 2015இலும், உலகின் முன்னணி வல்லுநர்களோடு சேர்ந்து அதனை எதிர்த்து அறிக்கை வெளியிட்டார். நல்லவனுக்கென்று செய்த மாற்றுச் சாவி நல்லவன் கையிலேயே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பதே அவர் வாதம். குற்றவாளிகளைப் பிடிக்க வேண்டாமா என்ற எதிர்க்கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும், ஊரார் வீட்டுச் சாவிகளையெல்லாம் ஒரே ஆணியில் மாட்டி வைப்பதற்கு என் மனமும் இசையவில்லை.

உடனிருப்பவர்களுக்கு அவர் எளிய மனிதராக இருந்திருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. வங்கி, அரசு, சொந்தப் பல்கலைக்கழகம் என்று எவரோடும் மோதத் தயங்காதவர். ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பு உரிமையைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ள முனைந்தபோது அதற்கெதிராகப் போராடி, நிர்வாகக் குழுவுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். 67 வயதில் கட்டாய ஓய்வு என்ற விதியையும் எதிர்த்தார். அதில் வெற்றி பெறவில்லை. 2023இல் அவ்விதிப்படியே கேம்பிரிட்ஜில் ஓய்வு பெற்றார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 2021 முதல் வகித்துவந்த பேராசிரியர் பொறுப்பு மட்டும் எஞ்சியது. ஓய்வு நேரங்களில் ஸ்காட்லாந்தின் பைக்குழல் வாசிப்பார். பழைய பைக்குழல் இசை ஏடுகளைத் தேடிப் பிடித்துக் கணினியில் ஏற்றுவார்.

‘பாதுகாப்புப் பொறியியல்’ என்னும் அவருடைய பெருநூல் 2001இல் வெளிவந்து, 2008இலும் 2020இலும் விரிவாக்கம் பெற்றது. முதலிரு பதிப்புகளை எவரும் காசில்லாமல் படிக்கும்படி பதிப்பாளரிடம் இசைவு பெற்றுத் தம் இணையப் பக்கத்தில் வைத்தார். ஏழை நாட்டு மாணவர்களுக்கு அது எத்துணைப் பெரிய உதவி! வங்கியியலுக்கும் கணக்கேட்டு முறைக்கும் அதில் தனி அத்தியாயமே உண்டு. நம் பிள்ளைகளில் கணினி படிப்போர் அதனையாவது வாசிக்க வேண்டும்.

மூதாட்டியாரின் பேரனை அழைத்து அந்த அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தான். பணம் எடுக்கப்பட்ட பொறி எந்த ஊரில் உள்ளது, எந்த நேரம், அங்குள்ள கேமராப் பதிவு எங்கே, பொறியின் அன்றைய பதிவேட்டு நகல் எங்கே என்று வரிசையாகக் கேட்டு, ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையையும் சுட்டி, இரண்டு பக்கத்தில் புகார்க் கடிதம் எழுதியிருந்தான். அடியில் பாட்டியார் கையொப்பமிட்டிருந்தார். வங்கியிலிருந்து விடை இன்னும் வரவில்லை.